தலையெழுத்தும் தோலெழுத்தும்

‘எல்லாம் தலையெழுத்து!’ - நம் நாட்டிலே இதைவிட எளிதாகச் செலவாகும் சொல் வேறொன்று இல்லை. உழுதவன் வீட்டில் உலை கொதிக்காவிட்டால், தலையெழுத்து. பள்ளிக்குப் போகவேண்டிய சிறுமி பட்டாசுத் திரி உருட்டப் போனால், தலையெழுத்து. மணமான மறு ஆண்டே கணவனை இழந்தவள் மூலையிலே முடக்கப்பட்டால், அதுவும் தலையெழுத்து! எழுதியவன் பிரமன் என்பர். எங்கே அந்த எழுத்து என்று கேட்டால், சுடுகாட்டு மண்டை ஓட்டிலே நெளிந்தோடும் கோடுகளைக் காட்டுவர். குழந்தையின் மூளை வளர்வதற்கு இடம்விட்டுப் பிரிந்திருந்த எலும்புகள் பின்னர் ஒன்றோடொன்று பொருந்திய தையல்களே அவை. மருத்துவம் பயிலும் மாணவரைக் கேட்டாலே இதைச் சொல்லிவிடுவார்.

பிரமன் எழுதிய எழுத்து இல்லை. ஆனால், மனிதன் தலையிலே மனிதன் எழுதிய எழுத்து வரலாற்றிலே உண்டு. கி.மு. 499ஆம் ஆண்டையொட்டி நடந்ததாக ஹெரடோட்டஸ் கூறுகிறார். மிலேட்டஸ் நகரை ஆண்ட இஸ்தியேயஸ், பாரசீகப் பேரரசன் டேரியஸின் அவையிலே, விருந்தினன் என்ற பெயரிலே சிறைப்பட்டுக் கிடந்தான். கிளர்ச்சி செய் என்று ஊரிலிருந்த தன் மருமகனுக்குச் செய்தி அனுப்ப வேண்டும்; வழியெங்கும் காவல். என்ன செய்தான்? நம்பிக்கைக்குரிய அடிமை ஒருவனை அழைத்தான், தலையை மழித்தான், செய்தியை மண்டைத் தோலிலே பச்சை குத்தினான், முடி வளரும்வரை காத்திருந்து அனுப்பினான். போய்ச் சேர்ந்ததும் தலையை மழித்துப் பார்க்கச் சொல் என்பதுதான் அடிமைக்குக் கிடைத்த கட்டளை. எழுதியவன் ஆண்டை, படித்தவன் ஆண்டையின் மருமகன், சுமந்தவன் அடிமை. தன் தலைமேல் இருந்த எழுத்தை அவன் தன் கண்ணால் காணவும் முடியாது. தலையெழுத்து என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் வேறெங்கே தேடுவது!

இந்தப் பழங்கதையை இன்று நாம் எடுத்துப் பேசக் காரணம் உண்டு. நகரத் தெருக்களிலே ‘டாட்டூ’ நிலையங்கள் பெருகிவிட்டன. இளைஞரும் இளம்பெண்களும் முன்கையிலும் தோளிலும் எதையேனும் குத்திக்கொள்ள விரும்புகின்றனர். அவர்களிலே பலர் கேட்பது விண்மீன். வேறு பலர் கேட்பது கவிதை வரி. ‘அழகாக இருந்தால் மட்டும் போதாது, பொருளுள்ளதாக இருக்க வேண்டும். எதைத் தேர்ந்தெடுப்பது?’ என்று கேட்கின்றனர். வெட்டி வேலை என்று பெரியவர்கள் முகம் சுளிக்கலாம். நாம் சுளிக்கவில்லை. தன் உடலில் எது இருக்க வேண்டும் என்று தானே எண்ணிப் பார்ப்பவன், எண்ணிப் பார்க்கப் பழகுகிறான். அந்த எண்ணத்துக்குத் துணையாக வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போம்.

பச்சை குத்துவது நேற்று முளைத்த பழக்கமன்று. ஆஸ்திரிய - இத்தாலிய எல்லையிலே, ஆல்ப்ஸ் மலைப் பனியில் 1991இல் கண்டெடுக்கப்பட்ட மனிதன் வாழ்ந்தது ஏறத்தாழ 5300 ஆண்டுகளுக்கு முன். அவன் மேனியிலே 61 குறிகள் - கோடுகளும் சிலுவைக் குறிகளும். முழங்கால், கணுக்கால், இடுப்பு என்று நோவெடுக்கும் இடங்களிலே அவை பெரிதும் அமைந்திருப்பதால், வலிக்கு மருத்துவமாகக் குத்தியிருக்கலாம் என்பது ஆய்வாளர் பலர் கருத்து. ஏறத்தாழ அதே பழமை உடைய எகிப்திய மனிதன் ஒருவனின் உடல் லண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவன் கையிலே காட்டெருதும் காட்டாடும் தீட்டப்பட்டிருந்ததை, அகச்சிவப்புக் கதிரின் உதவியால் கண்டு 2018இல் வெளியிட்டனர். எழுத்து என்பதே பிறந்துகொண்டிருந்த காலத்தில் தோல் ஏடாகிவிட்டது.

ஏடு கிடைத்தால் எழுதுகோல் யார் கையில் என்ற கேள்வியும் உடன் பிறக்கும் அல்லவா? கிரேக்கத்திலே எழுதுகோல் ஆண்டையின் கையில் இருந்தது. தப்பியோடிப் பிடிபட்ட அடிமைக்கும் குற்றவாளிக்கும் முகத்திலே குத்தினர். அந்தக் குறிக்கு அவர்கள் இட்ட பெயர் ‘ஸ்டிக்மா’. களங்கம் என்ற பொருளில் அச்சொல் இன்றும் ஐரோப்பிய மொழிகளில் உலவுகிறது. ஆனால் அடுத்த நாட்டிலே, திரேசிய மக்களிடையே, பச்சை குத்தியிருப்பது உயர்குடிக்கு அடையாளம். குத்தாதவன் இழிந்தவன் என்று அதே ஹெரடோட்டஸ் எழுதுகிறார். ஒரே ஊசி, ஒரே மை! இங்கே இழிவு, அங்கே உயர்வு! குறியிலே இழிவும் இல்லை, உயர்வும் இல்லை. அதைக் குத்தும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதிலேதான் எல்லாம் அடங்கியிருக்கிறது. குற்றவாளியின் முகத்தில் குத்தலாகாது என்று ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் கி.பி. 316இல் ஆணையிட்டான். மனித முகம் விண்ணுலக அழகின் சாயலாம், அதைக் கெடுக்கக்கூடாதாம்! கையிலும் காலிலும் குத்தத் தடை இல்லை. விண்ணுலகின் அழகுக்கு இரக்கம் கிடைத்தது. மண்ணுலக மனிதனின் மானத்துக்குக் கிடைக்கவில்லை.

நம் காலத்துக்கு அருகே வருவோம். 1769 ஜூன் 3ஆம் நாள், சூரியனின் முகத்தைக் கடந்து செல்லும் வெள்ளிக் கோளைக் கண்டு அளக்க, கேப்டன் குக்கின் கப்பல் பசிபிக் மாகடலின் தாகித்தித் தீவிலே நின்றது. வானத்தை அளக்கச் சென்றவர்கள், அந்தத் தீவினரின் மேனியிலே தீட்டப்பட்ட கோலங்களைக் கண்டு வியந்தனர். கப்பலில் வந்தவர் சிலர் தம் கையிலும் குத்திக்கொண்டனர். தீவினரின் ‘தாதாவ்’ என்னும் சொல்லே ஆங்கிலத்துக்குப் போய் ‘டாட்டூ’ ஆயிற்று. அந்தத் தீவினர் காட்டுமிராண்டிகள் என்று எண்ணிவிட வேண்டாம். அவர்களிலே துபையா என்னும் கடலோடி, குக்கின் கப்பலிலேயே உடன் சென்றான். திசைகாட்டும் கருவி ஏதுமின்றி, விண்மீனையும் அலையையும் கொண்டு வழியறிந்தவன். பல தீவுகளின் இருப்பிடத்தைச் சொல்லி வரைபடம் உருவாக்கக் காரணமானவன்.

அந்தத் தாகித்தியிலே 1797இல் பாதிரிமார் வந்திறங்கினர். அடுத்த சில பத்தாண்டுகளில், அவர்கள் செல்வாக்கால் எழுந்த சட்டங்கள் பச்சை குத்துவதைக் குற்றம் என்றன. அதே 1797ஆம் ஆண்டு, வங்கத்திலே கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு சட்டம் செய்தது: கொடுங்குற்றவாளிகளின் நெற்றியிலே பச்சை குத்து! 1849 வரை அந்தக் கொடுமை நீடித்தது. ஒரு கடலோரத்தில் ‘குத்தாதே’ என்றது வெள்ளையர் வேதம். மறு கடலோரத்தில் ‘குத்து’ என்றது வெள்ளையர் சட்டம். முரண்போலத் தோன்றும். முரண் அன்று! உன் தோல் உன்னுடையதன்று என்பதே இரண்டுக்கும் பொருள்.

அந்தக் கொடுமையின் உச்சியை 20ஆம் நூற்றாண்டு கண்டது. ஆஷ்விட்ஸ் முகாமிலே நாஜிகள் 1941 முதல் கைதிகளின் உடலில் எண்களைக் குத்தினர். பெயர் போயிற்று, ஊர் போயிற்று, எண் மட்டும் நின்றது. ஆனால் வரலாறு அங்கே முடிந்துவிடவில்லை. உயிர் தப்பியவர்களின் பேரப்பிள்ளைகள் சிலர், அண்மை ஆண்டுகளிலே, தம் பாட்டன் பாட்டியின் அதே எண்ணைத் தம் கையிலே விரும்பிக் குத்திக்கொண்டனர். அது தகுமா என்று அவர்கள் குடும்பங்களிலேயே வாதம் நடக்கிறது. ஆயினும் எண்ணிப் பாருங்கள்: பாட்டியின் கையிலே அந்த எண் கொலைகாரன் எழுதியது, பேரனின் கையிலே அது மறக்கமாட்டோம் என்னும் உறுதிமொழி.

நம் தாய்மாரின் கைகளையும் மறந்துவிடக்கூடாது. ஊர் ஊராக வந்த குறத்தியர், மஞ்சளும் அகத்தி இலையும் சேர்த்த திரியை விளக்கிலிட்டு எரித்து, அந்தக் கரியைத் தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ குழைத்து, ஊசியால் குத்தினர். முன்கையிலே கோலம், தேள், மீன், பூ, சில வேளை பெயரெழுத்து. செத்தால் எமலோகத்துக்கு உடன் வரும் நகை பச்சை ஒன்றுதான் என்று ஒரு நம்பிக்கையும் சேர்ந்துகொண்டது. எமலோகம் பொய். ஆனால், பொன் வாங்க வழியற்ற பெண்ணுக்குப் பச்சையே வளையாயிற்று என்பது மெய். கைம்பெண் என்று சொல்லி அவள் பூவையும் பொட்டையும் வளையலையும் பறித்த சமுதாயத்தால், அவள் முன்கைக் கோலத்தைப் பறிக்க முடியவில்லை என்பதும் மெய்.

இனி, கவிதை வரி தேடும் இளைஞருக்கு இரண்டு சீனரைக் காட்டுவோம். இருவரும் கி.பி. 9ஆம் நூற்றாண்டினர்; இருவரைப் பற்றியும் எழுதி வைத்தவர் துவான் செங்ஷி என்னும் அறிஞர். முதலாமவன் ஜாங் கான். தலைநகர் சாங்ஆனில் திரிந்த முரடன். இடக்கையிலே, உயிரோடிருக்கும்வரை நகரத் தலைவனுக்கு அஞ்சேன் என்று எழுதிக்கொண்டான். வலக்கையிலே, செத்தபின் எமனுக்கும் அஞ்சேன் என்று எழுதிக்கொண்டான். ‘ஆகா, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பகுத்தறிவாளன்!’ என்று துள்ளத் தோன்றுகிறதா? பொறுங்கள். மேனியெங்கும் பச்சை குத்திக்கொண்டு கடைத்தெருவில் அடித்துப் பறித்து வந்த கூட்டத்திலே அவன் ஒருவன். புதிதாகப் பதவியேற்ற நகரத் தலைவன் அப்படிப்பட்டவர் முப்பதுக்கும் மேற்பட்டோரை அடித்தே கொல்லச் செய்தான். ஊரிலே பச்சை குத்தியிருந்த மற்றவரெல்லாம் அஞ்சித் தம் குறிகளைச் சுட்டு அழித்துக்கொண்டனர். விசாரணையின்றிக் கொன்ற ஆட்சியை நாம் போற்றவில்லை. ஆனால், எமனுக்கு அஞ்சேன் என்று கையிலே எழுதிவிட்டு, ஏழை வணிகனின் பணப்பையிலே அதே கையை விட்டவனையும் போற்ற முடியாது. முழக்கத்தை மேனியில் குத்த ஒரு மணி நேரம் போதும். அதற்கேற்ப நடக்க ஒரு வாழ்நாள் வேண்டும்.

இரண்டாமவன் கெ சிங். ஜிங்ஜோ நகரத் தெருவிலே வாழ்ந்த எளியவன். கழுத்துக்குக் கீழே உடலெங்கும் அவன் குத்திக்கொண்டது பை ஜுயியின் கவிதைகள்! முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களிலே வரிகள், வரிகளுக்கேற்ற படங்கள். துவான் செங்ஷியும் அவர் நண்பரும் அவனை அழைத்துப் பார்த்தனர். விளக்கம் சொல் என்றனர். முன்புறத்தைப் பார்த்துச் சொன்னான், அதிலே வியப்பில்லை. முதுகிலே இருந்த வரிகளையும், பார்க்காமலே, கையைப் பின்னுக்கு வளைத்து, இடத்தைத் தொட்டுத் தொட்டுச் சொன்னான்! நடமாடும் கவிதைப் படம் என்று அவனுக்குப் பெயரிட்டார் அந்த நண்பர்.

யார் இந்தப் பை ஜுயி? கி.பி. 772 முதல் 846 வரை வாழ்ந்தவர். அரசுப் பணியில் இருந்துகொண்டே ஏழையின் துயரைப் பாடியவர். காட்டிலே மரம் வெட்டிக் கரி சுட்டு விற்ற கிழவனிடம், அரண்மனை ஆட்கள் துண்டுத் துணியைக் கொடுத்துவிட்டு ஒரு வண்டிக் கரியைப் பறித்துப்போனதைக் கவிதையாக்கியவர். துணிந்து கருத்துரைத்ததனால் 815இல் பதவியிறக்கப்பட்டுத் தொலைவூருக்கு அனுப்பப்பட்டவர். எழுத்தறியாத கிழவி ஒருத்திக்குப் படித்துக் காட்டி, அவளுக்குப் புரியாததை மாற்றி எழுதுவார் என்று அவரைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. கதையாகவே இருக்கட்டும், எளிய நடையினர் என்பதற்கு அது சான்று. புலவர் மட்டுமே நுகரும் கவிதை பட்டிலே எழுதப்படும். மக்களுக்குப் புரிந்த கவிதையோ தெருவில் திரிந்தவனின் முதுகிலே ஏறியது!

இப்போது அந்தக் கிரேக்க அடிமையை மீண்டும் நினைத்துப் பாருங்கள். அவன் தலையில் இருந்ததை அவன் அறிய வழியில்லை. கெ சிங்கின் முதுகில் இருந்ததோ அவன் நெஞ்சிலும் இருந்தது. இருவரும் தம் கண்ணால் காணமுடியாத எழுத்தைச் சுமந்தவர்களே. ஒருவன் சுமைதாங்கி, மற்றவன் வாசகன். அறியாமல் சுமப்பது தலையெழுத்து. அறிந்து தாங்குவது தோலெழுத்து. தேர்ந்தெடுக்க வழி கேட்கும் இளைஞர்க்கு நாம் தரும் அளவுகோல் இதுவே.

அந்தக் கெ சிங்கிடமும் ஒரு பாடம் பாக்கியிருக்கிறது. அவன் மேனியிலே இருந்ததாகத் துவான் செங்ஷி குறிப்பிடும் வரிகளில் ஒன்று சாமந்திப் பூவைப் பற்றியது. அது பை ஜுயியின் வரி அன்று. அவருடைய ஆருயிர் நண்பர் யுவான் ஜென் எழுதியது! காகிதத்தில் பிழை என்றால் அடித்து எழுதலாம். தோலிலே எப்படி அடித்து எழுதுவது? ஆகவே, கைப்பேசியிலே வந்த வரியை அப்படியே ஊசிக்காரரிடம் காட்டிவிட வேண்டாம். நூலை எடுங்கள். பாடியவர் யார், பாடம் சரியா, எழுத்துப் பிழை உண்டா என்று பாருங்கள். முழுப் பாட்டையும் படியுங்கள். ஒரு வரி ஒன்று சொல்லும். பாட்டு வேறொன்று சொல்லும்.

விண்மீனுக்கும் இதே அளவுகோல்தான். பிறந்த நட்சத்திரத்தைக் குத்திக்கொண்டால் நல்லது என்று சொல்வோர் இருக்கின்றனர். யார் சொல்லி? சோதிடர் சொல்லி! பிரமன் எழுதியதாகச் சொன்ன எழுத்தையே மேனியில் மறுபதிப்புச் செய்வது அது. திருவாதிரையை எடுத்துக்கொள்வோம். 500 ஒளியாண்டுக்கும் அப்பாலிருக்கும் செம்பெருமீன் அது; இன்றிரவு நாம் காணும் அதன் ஒளி, நூற்றாண்டுகளுக்கு முன்பே புறப்பட்டுவிட்டது. 2019 இறுதியிலும் 2020 தொடக்கத்திலும் அது வெறுங்கண்ணுக்கே தெரியுமளவு மங்கியது. அதிலிருந்து வெளிப்பட்ட பொருள் குளிர்ந்து தூசியாகி ஒளியை மறைத்தது என்று வானியலார் விளக்கினர். திருவாதிரையிலே பிறந்தவரெல்லாம் அப்போது மங்கிப்போனார்களா? இல்லையே!

அருந்ததியைப் பாருங்கள். அம்மி மிதித்து, அருந்ததி காட்டி, அவள் வசிட்டனைப் பிரியாத கற்பரசி, நீயும் அப்படி இரு என்று மணமகளுக்கு மட்டும் பாடம் நடத்துகிறார் புரோகிதர். தொலைநோக்கி என்ன காட்டுகிறது? வசிட்டன் என்று சுட்டப்படும் ஒளிப்புள்ளியிலே இருப்பவை நான்கு விண்மீன்கள்! அருந்ததி என்பதிலே இரண்டு! ஏறத்தாழ 80 ஒளியாண்டுக்கு அப்பால் ஆறு சூரியன்கள் எரிந்துகொண்டிருக்க, அவற்றை ஒருவனுக்கு ஒருத்தி என்னும் உபதேசத்துக்குச் சாட்சியாக அழைப்பது என்ன நியாயம்! ஆறு விண்மீன்களையும் அறிந்து ஒருத்தி அந்த இரு புள்ளிகளைத் தன் கையில் தீட்டிக்கொண்டால், அது அறிவின் குறி. புரோகிதர் சொன்னதை நம்பித் தீட்டிக்கொண்டால், அது விலங்கின் குறி. புள்ளிகள் இரண்டிடத்தும் ஒன்றே!

விண்மீனும் கவிதையும் கூடிய இடம் வேண்டும் என்போர்க்குப் புறநானூறு இருக்கிறது. அதிலும் இருவகை உண்டு. 229ஆம் பாட்டிலே, எரிந்து வீழும் மீனைக் கண்டு மன்னனுக்குக் கேடு என்று நடுங்குகிறார் கூடலூர் கிழார். வீழ்ந்தது விண்மீன் அன்று, விண்கல் என்று அவர்க்குச் சொல்ல அன்று ஆளில்லை. 30ஆம் பாட்டிலோ, ஞாயிற்றின் இயக்கத்தை நேரே போய் அளந்து வந்தவரைப் போலச் சொல்லும் அறிஞர்களைக் காட்டுகிறார் உறையூர் முதுகண்ணன் சாத்தனார். அஞ்சிய தமிழரும் இருந்தனர். அளந்த தமிழரும் இருந்தனர். எந்த மரபை மேனியில் ஏற்பது என்று முடிவு செய்வது நம் பொறுப்பு.

192ஆம் பாட்டின் ஆசிரியர் பெயரிலேயே கணியன் இருக்கிறது. கோள் நிலையைக் கணக்கிடுபவன் என்பது பொருள். வானத்தைக் கணக்கிட்டவனே, தீமையும் நன்மையும் பிறர் கொண்டுவந்து தருவன அல்ல என்கிறான். இன்று பலர் மேனியில் ஏறியிருப்பது அப்பாட்டின் முதலடி. உயர்ந்தாரைக் கண்டு மலைத்து நிற்காமல், எளியாரை இகழாமல் இருக்கச் சொல்வது அதன் முடிவு. இடையிலே, ஆற்று நீரின் வழியே மிதவை போவது போல உயிர் முறைவழியே போகும் என்ற கருத்தும் உண்டு. அதை ஊழ் என்று பொருள் கொள்வோரும் உண்டு. அதையும் அறிந்து, எண்ணி, ஏற்பதை ஏற்க வேண்டும். முடிவை மறந்து முதலடியை மட்டும் சுமப்பவன், உலகமே என் உறவு என்று கையிலே எழுதிக்கொண்டு, அண்டை வீட்டானின் சாதியை விசாரிப்பான்.

இயக்கத் தோழர்களுக்கும் ஒரு சொல். கொடியையும் தலைவர் முகத்தையும் குத்திக்கொள்ளும் ஆர்வம் நம்மிடையே உண்டு. அன்பை நாம் மதிக்கிறோம். ஆனால், ஆராய்ந்து பார் என்று சொன்ன தலைவரை ஆராயாமல் சுமப்பது, அவர் சொன்னதற்கே மாறு. அவர் நூல் ஒன்றைப் படித்து முடித்துவிட்டு ஊசி முன் உட்கார்ந்தால் என்ன குறைந்துவிடும்?

ஊசியின் செய்தியையும் அறிந்துகொள்ளுங்கள். நியூயார்க்கில் சாமுவேல் ஓரைலி 1891இல் உரிமம் பெற்ற மின்பொறியின் வழித்தோன்றல்களே இன்றைய கருவிகள். மேல்தோல் உதிர்ந்துகொண்டே இருக்கும். மை நிற்பது அதன் கீழுள்ள உட்தோலிலே. அங்கே நோய்க்கிருமிகளை விழுங்கும் அணுக்கள் மையையும் விழுங்கிப் பிடித்துக்கொள்கின்றன. ஓர் அணு மடிந்தால் அடுத்தது வந்து ஏந்திக்கொள்கிறது என்று, எலிகளை வைத்து ஆராய்ந்து, பிரெஞ்சு அறிவியலார் 2018இல் வெளியிட்டனர். அழியாத மையின் கமுக்கம் தெய்வ அருளன்று. அணுக்கள் மாறி மாறிச் செய்யும் காவல்! அந்த உடலைக் காப்பதும் நம் கடமை. ஒருவருக்குக் குத்திய ஊசியை மற்றவருக்குக் குத்தினால் மஞ்சள் காமாலைக் கிருமியும் எய்ட்ஸ் கிருமியும் பரவக்கூடும். நம் கண்முன்னே உறை பிரிக்கப்பட்ட புது ஊசி, புதிதாக ஊற்றிய மை, கையுறை - இவை இல்லாத இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். நல்ல நாள் பார்க்க வேண்டாம்; நல்ல ஊசி பாருங்கள்!

எதுவும் குத்திக்கொள்ளாமல் இருப்பதும் ஒரு தேர்வுதான். வெற்றுத் தோலிலே குறை ஒன்றும் இல்லை. எழுத விரும்பினால், எழுதச் சொன்னவர் நீங்களாக இருங்கள். எழுதப்படுவது உங்களுக்கு விளங்கியதாக இருக்கட்டும். ‘இது என்ன?’ என்று வழியிலே ஒரு சிறுவன் கேட்டால், சட்டையைக் கழற்றிப் பார்க்காமலே, கையைப் பின்னுக்கு வளைத்து, இடத்தைத் தொட்டுக் காட்டிப் பொருள் சொல்லக்கூடியதாக இருக்கட்டும்.